குழிக்குள் கிடந்த தலை

கடப்பாரைச் சத்தம் நின்றுபோனதும் நிக்கனோரா கையிலிருந்த செங்கல் அச்சைக் களத்தில் அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். விடிந்ததிலிருந்து குழிக்குள்ளே 'ணங், ணங்'கென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம். கடைவாயில் அடக்கிய கோகா இலையை மாற்றிக்கொள்கிறான்போல என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். இலை மாற்ற இவ்வளவு நேரம் ஆகாது. சேலைமாதிரி நாலு மடிப்பு வைத்த பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காய்கிற, இன்னும் சுடாத பச்சைக்கல் வரிசைகளுக்கு நடுவே ஓடினாள்.

ஹிலாரியோன் குழிக்குள் நின்றுகொண்டுதான் இருந்தான். கடப்பாரையைத் தரையில் ஊன்றி, அதன் தலையில் இரண்டு கையையும் வைத்து, தெற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஆச்சு?"

"எறங்கி வா கிழவி. உன் சொந்தக்காரன் ஒருத்தன் வந்திருக்கான்."

இது பழைய கேலி. எங்கள் தரிஹாப் பள்ளத்தாக்கில் ஒரு மழை பெய்து ஓடையின் கரை சரிந்தால் போதும், எங்காவது ஒரு பழைய எலும்பு தலைநீட்டும். ஆடு மேய்க்கிறவர்கள் அதன்மேல் உட்கார்ந்து சோறு தின்பார்கள். செங்கல் சூளைக்காரர்களுக்கு மட்டும் அது எரிச்சல். மண்ணோடு எலும்புத் துண்டு கலந்துவிட்டால் சூளைக்குள் வேகும்போது கல் வெடித்துப்போகும். அதனால் மிதித்த மண்ணிலிருந்து கூழாங்கல்லும் எலும்பும் பொறுக்கிப் போடுவது கல் அறுக்கிற பெண்களின் வேலை. மற்றவர்கள் பொறுக்கி ஓடையில் எறிந்தார்கள். நிக்கனோரா எறியவில்லை. அவ்வளவுதான் ஆரம்பம். ஒரு பல் பளபளப்பாக இருக்கிறதே என்று எடுத்துவைத்தாள்; அப்புறம் இன்னொன்று. இப்போது கோழிக்கூண்டுக்குப் பக்கத்துச் சார்ப்பில் பலகை போட்டு வரிசையாக அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாளை மூடி வைத்திருந்தாள். தேறினதாகத் தெரிகிற ஒன்றிரண்டைத் துணியில் சுற்றி, டவுன் மியூசியத்துக்கு எடுத்துப்போய்க் காட்டிப் பேர் கேட்டுக்கொண்டு வருவாள். குதிரை. மாஸ்டோடான். மறுபடியும் குதிரை. லாமா வகை. மறுபடியும் மாஸ்டோடான். யானைக்குப் பாட்டன் முறை என்று சொல்லத்தக்க அந்த மிருகம் எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் ஆட்டுமந்தை மாதிரித் திரிந்திருக்க வேண்டும். "இது நிறைய இருக்கு தோன்யா" என்று, அம்மா போட்டுச் சொல்கிற மரியாதையான பதிலோடுதான் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்திருக்கிறாள். அதற்காக அவள் வருத்தப்பட்டதாக வெளியில் காட்டிக்கொண்டதில்லை.

எலும்பு கிடைத்தால் ஹிலாரியோன் அதைக் குழியிலிருந்து மேலே வீசுவான். "இந்தா, உன் மாமன் முழங்காலு!" என்பான். பாதி, விழுகிறபோதே உடைந்துபோகும். இன்றைக்கு அவன் வீசவில்லை. கடப்பாரை முனையால் ஒரு கீறல்கூட விழாமல் சுற்றி மண்ணைத் தட்டிவிட்டிருந்தான். நிக்கனோராவுக்கு அதுதான் முதலில் வினோதமாகப் பட்டது.

இறங்கிப் பார்த்தாள். ஒரு தலை, தலைகீழாகக் கிடந்தது. மேல்தாடை வானத்தைப் பார்த்திருக்க, இரண்டு பக்கமும் பல் வரிசை. மண்டை பெரிய பூசணிக்காயை விடப் பெரிது. ஆனால் அவளுக்குப் பழக்கமான மாஸ்டோடான் பல் ஒவ்வொன்றும் கைப்பிடி நிறைய இருக்கும், இது சின்னது. முகமும் குட்டை. உட்கார்ந்து விரலால் மண்ணை வழித்தாள்.

"இது மாஸ்டோடான் இல்ல," என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "தந்தம் எங்க? தந்தம் இல்லாம எப்படி? மியூசியத்துச் செவுத்துல ஒரு படம் இருக்கு. பன்னியும் நீர்யானையும் சேந்த மாதிரி. அபூர்வம்னு அந்தம்மா சொல்லும். அதுவோ என்னமோ."

"அபூர்வமா?" என்று கேட்டான் ஹிலாரியோன்.

"அப்படித்தான் தெரியுது."

அவன் வாயிலிருந்த இலைச்சக்கையைத் துப்பினான்.

அதற்குள் மேலே நிழல் விழுந்தது. பக்கத்துச் சூளைக்காரி பசிலியா. நிக்கனோராவின் மகன் ரூபெனுக்கு ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். ரூபென் எல்லை தாண்டி அர்ஜென்டினாவில் தக்காளி பறிக்கப் போய்விட்டான். அவனைப் பற்றி விசாரிக்கிற சாக்கில் இவள் தினம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள்.

"என்ன கொமாத்ரே, ரெண்டு பேரும் குழிக்குள்ள எறங்கி வேளகெட்ட வேளையில கொஞ்சிக்கிட்டு இருக்கீங்க?" என்றவள், தலையைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஐயோ மாதாவே! இம்மாம் பெருசா? ஒடைச்சுப் போடு ஹிலாரியோன். பொழுது சாயறதுக்குள்ள நாலு போடு போட்டுச் சூளைக்குள்ள தள்ளு. சாம்பலப் பாத்து யாரு பேரு கேக்கப் போறா?"

"பாவம்டி," என்றாள் நிக்கனோரா.

"பாவமா? எங்க மச்சான் குழிய மறந்துட்டியா? அந்த மனுஷனும் உன்ன மாதிரிதான், யோக்கியனாட்டம் போய்ச் சொன்னான். தலைநகரத்துலேர்ந்து நாலு பேரு வந்தாங்க, ஆ ஊன்னாங்க, குழியச் சுத்திக் கயித்தக் கட்டி வெட்டக்கூடாதுன்னாங்க, கிளம்பிப் போயிட்டாங்க. கயிறு இத்துப்போய் விழுந்திருச்சு. திரும்பி ஒரு ஆளு வரல. அவன் இப்ப யார் யார் களத்துலயோ மண்ணு மிதிச்சிட்டுக் கெடக்கான். உங்களுக்கு இதவிட்டா வேற நல்ல மண்ணு இருக்கா? அந்தப் பக்கம் பூரா சுண்ணாம்பு."

அது உண்மை. நிக்கனோரா புருஷனைப் பார்த்தாள். அவன் கடப்பாரையை ஓங்குவான், தான் குறுக்கே விழ வேண்டியிருக்கும், சண்டை வரும் என்று உடம்பை முன்கூட்டியே இறுக்கிக்கொண்டாள்.

ஹிலாரியோன் மேல்சட்டையைக் கழற்றி, தண்ணீரில் நனைத்து, அந்தத் தலைமேல் போர்த்தினான்.

"நாளைக்கு டவுனுக்குப் போயிட்டு வா," என்றான். "மியூசியத்து லிசென்சியாதாகிட்டச் சொல்லு."

"உனக்கும் புடிச்சிருச்சா!" என்று பசிலியா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஒரு வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதாதா?"

*

மியூசியத்தின் பின்கட்டில் ஒரு நீள மேசை. படித்துப் பட்டம் வாங்கியவர்களை எங்கள் ஊரில் லிசென்சியாதா என்றுதான் கூப்பிடுவார்கள். எதெல்மீரா சோசா என்கிற அந்த லிசென்சியாதா, கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு, இருமிக்கொண்டு, அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஒல்லி. நிக்கனோராவை விட வயது குறைவுதான், ஆனால் கண்ணுக்கடியில் பை விழுந்திருந்தது. முன்னால் ஒரு ஆள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேசைமேல் உருண்டையாக ஒரு கல்.

"ஆத்துக்கல்லுங்க," என்றாள் லிசென்சியாதா.

"குலுக்கிப் பாருங்க. உள்ள ஏதோ ஆடுது."

"உள்ள இன்னொரு கல்லு."

"எங்க பங்குச் சாமியாரே டைனோசர் முட்டைன்னு சொல்லிட்டாருங்க."

"அவருக்கு எத்தனையோ வேலை இருக்கும். அவசரத்துல சொல்லியிருப்பாரு."

"எம்பொண்டாட்டி அதைத் தொட்டில்ல போட்டு வச்சிருக்காங்க."

லிசென்சியாதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "தொட்டில்லயே இருக்கட்டும். ஆனா அது ஆத்துக்கல்லு."

அந்த ஆள் கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தான். "வேற யாருகிட்டயாவது கேக்கறேன்," என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனான்.

"உக்காருங்க தோன்யா நிக்கனோரா. இன்னிக்குக் காலையிலேர்ந்து ரெண்டு மாட்டு விலா, ஒரு கழுதைப் பல்லு, இந்த முட்டை. நீங்க என்ன கொண்டாந்திருக்கீங்க?"

"கொண்டாரல. கொண்டார முடியாது. தூக்க முடியாது." நிக்கனோரா கையை விரித்துக் காட்டினாள். பல் இந்த அளவு, முகம் இப்படி, தந்தம் காணோம் என்று அடுக்கினாள். "நான் ஒண்ணும் சொல்லல. நீங்கதான் பாத்துச் சொல்லணும். ஆனா இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல."

லிசென்சியாதாவின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. "யாரும் தொடலையே?"

"சட்டையப் போத்தி வச்சிருக்கோம். வீட்டுக்காரர்தான் போத்தினாரு."

"தோன் ஹிலாரியோனா?" அவளுக்கும் ஆச்சரியம்தான். "வியாழக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் ஈரச்சாக்கு போட்டு வைங்க. வெயில் பட்டா வெடிச்சிரும்."

*

அந்த நாட்களில் தெற்கிலிருந்து குளிர்காற்று ஏறி வந்தது. மலை மறைந்து, தூறலா பனியா என்று தெரியாமல் பொசபொசவென்று பெய்துகொண்டிருந்தது. வைக்கோலும் தார்ப்பாயும் போட்டுப் பச்சைக்கல்லை மூடினார்கள். அவ்வளவுதான் வேலை. "அந்தம்மா வந்து பாக்கற வரைக்கும் மண்ணத் தொடக்கூடாது," என்று ஹிலாரியோன் சொல்லிவிட்டான்.

சொல்லிவிட்டுத் தூங்கினான். பகலில் அவன் தூங்கி நிக்கனோரா பார்த்ததேயில்லை. சுவரோரம் சாக்கை விரித்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்து, காலை நீட்டினால் நாய் குரைத்தாலும் அசைவதில்லை. எழுந்தால், எந்தக் காலத்திலோ கழன்று தொங்கிக்கொண்டிருந்த கோழிக்கூண்டுக் கதவை எடுத்துக் கட்டினான். அவளுடைய எலும்புப் பலகைக்கு முன்னால் போய் நின்று ஒரு பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது எது?" என்றான். "குதிரை," என்றாள். "ம்," என்று, எடுத்த இடத்திலேயே வைத்தான். அவள் அரண்டுபோனாள். குழி போய்விடுமோ என்ற கவலையில் மனுஷனுக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று நினைத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் வேர்க்கடலை அரைத்து, எலும்பு போட்டு சூப் வைத்தாள். கூட அவித்த சோளமும் ஆட்டுப்பால் கட்டியும். அடுப்புக்குப் பக்கத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"குழிய மூடினா எத்தன நாளைக்கு மூடுவாங்க?" என்றான்.

"அது என்ன மிருகம்ங்கிறதப் பொறுத்தது. பசிலியா மச்சான் குழி மாதிரின்னா வருஷக்கணக்காவும் ஆகலாம்."

"வருஷக்கணக்கா." அவன் சூப்பை உறிஞ்சினான். "ம்."

"நீ கவலப்படாத. நான் அந்தம்மாகிட்டப் பேசறேன். கைநீட்டற தூரத்துக்கு மட்டும் கயிறு கட்டுங்க, மத்த பக்கம் வெட்டிக்கிறோம்னு கேக்கறேன்."

"எதுக்குக் கேக்கற?" என்றான் சட்டென்று. "கேக்காத. சட்டம்னா சட்டம். கவர்மெண்டு காரியத்துல நாம எதுக்குத் தலையிடணும்?"

கவர்மெண்டை அவன் மரியாதையாகப் பேசி அவள் கேட்டதில்லை. சாலை போடாததற்கும் தண்ணீர் வராததற்கும் சேர்த்து, தினம் காலையில் எழுந்ததும் ஒரு வசவு வைத்த பிறகுதான் முகம் கழுவுவான். அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஹிலாரியோன். உனக்குக் குழிய மூடணும்னு இருக்கா?"

அவன் கரண்டியை எடுக்கப் போனான்; அது விரலுக்கு நடுவே நழுவி சூப்பில் விழுந்தது. மறுபடி எடுத்தான். இந்தத் தடவை முழுக்கையால், சின்னப் பிள்ளை பிடிக்கிற மாதிரி பிடித்தான்.

"இந்த ரெண்டு வெரல்ல உணர்ச்சி இல்ல," என்றான். "கார்னிவல் திருவிழாவுக்கு முன்னாலேர்ந்து. இப்ப மூணாவதும் மரத்துக்கிட்டு வருது. கடப்பாரையக் கையில வச்சிருக்கேனா விட்டுட்டேனான்னு கண்ணால பாத்தாத்தான் தெரியுது."

"சொல்லலையே."

"சொன்னா? நீ மண்ணு வெட்டுவியா, கல்லு அறுப்பியா, சூளை அடுக்குவியா? மொதுகு விடிய விடிய எரியுது. காலையில எந்திரிக்கிறப்ப ஒரு பக்கமா உருண்டுதான் எந்திரிக்கிறேன், நீ கவனிச்சதில்ல."

அவள் கவனித்திருந்தாள். வயசு என்று நினைத்திருந்தாள்.

"அப்ப நிறுத்திரலாமே."

"நானா எப்படி நிறுத்தறது? எங்க கரேக்கா குடும்பத்து ஆம்பள ஓஞ்சிட்டான்னு இந்தக் கரை முழுக்கப் பேசுவாங்க. எங்கப்பன் கடைசிவரைக்கும் வெட்டினான். கோகாவ வாயில வச்சிக்கிட்டே குழியோரம் சாஞ்சு செத்தான். இந்தப் பசிலியா, புருஷன் போனப்புறம் அவளே எறங்கி வெட்டறா. நான் போய், எனக்கு வெரலு மரத்துப்போச்சுன்னு சொல்லட்டுமா? சிரிப்பாங்க." சோளத்தை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டான். "கவர்மெண்டு வந்து கயித்தக் கட்டிட்டா எவன் என்ன சொல்ல முடியும்? நான் வெட்ட மாட்டேன்னா சொன்னேன்? வெட்டக்கூடாதுன்னுட்டாங்க. அவ்வளவுதான."

நிக்கனோரா சூப்புப் பானையை மூடினாள். அபூர்வமாக இருக்க வேண்டும், அபூர்வமாக இருக்க வேண்டும் என்று இத்தனை நாள் தனக்காக வேண்டிக்கொண்டிருந்தாள். இனி அது தனக்காக மட்டும் இல்லை என்று ஆனபோது, வேண்டிக்கொள்ளவே பயமாக இருந்தது.

"அபூர்வம்தான்," என்றாள். "பல்லப் பாத்தியில்ல. நான் அடிச்சுச் சொல்றேன்."

*

வியாழக்கிழமை வானம் வெளுத்தது. லிசென்சியாதா மைக்ரோ பஸ்ஸில் வந்து, முக்குச் சாலையிலிருந்து சேற்றில் நடந்து வந்தாள். ஒரு பையில் தூரிகைகள், பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி வளைந்த ஊசிகள், ஒரு தண்ணீர்க் குப்பி. சேதி முன்னாலேயே பரவிவிட்டது. பசிலியாவும் மற்றச் சூளைக்காரர்களும் குழி விளிம்பில் வந்து குந்திவிட்டார்கள். வேலையில்லாத ஈரநாள். யாரோ மதுக்குப்பிகூடக் கொண்டுவந்திருந்தார்கள்.

"கயித்த மறக்காமக் கொண்டாந்தீங்களா லிசென்சியாதா?" என்று ஒரு குரல். சிரித்தார்கள்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. ஈரச்சாக்கையும் சட்டையையும் விலக்கியதும் "ஆகா, எவ்வளவு அழகா விட்டு வச்சிருக்கீங்க," என்றாள். ஹிலாரியோன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். மண்டியிட்டுத் துலக்க ஆரம்பித்தவள் மத்தியானம் வரை நிமிரவில்லை. நிக்கனோரா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்தாள், மண்ணை அள்ளினாள். அந்தப் பெண்ணின் விரல்கள் வெடித்திருந்தன. இருமல் வரும்போது எலும்பில் படாமல் முகத்தைத் தோளுக்குள் திருப்பிக்கொண்டாள். கூட்டம் சலித்துப்போய்ப் பாதி கலைந்தது. ஹிலாரியோன் விறகு பிளக்கிற சாக்கில் மேலே போனான். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நெடுநேரம் இருந்தது.

முகத்தின் முனையில் களிமண் ஒரு கட்டியாக ஒட்டியிருந்தது. அதை ஊறவைத்து, ஊசியால் நெம்பி எடுத்ததும் லிசென்சியாதா கையை நிறுத்தினாள். ஊதினாள். அப்புறம் பின்னுக்குச் சாய்ந்து குதிகாலில் உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க தோன்யா. தொட்டுப் பாருங்க."

நிக்கனோரா தொட்டாள். கட்டைவிரல் தடிமனுக்கு இரண்டு மொட்டு, பக்கத்துக்கு ஒன்றாக.

"தந்தம். இப்பத்தான் மொளைக்க ஆரம்பிச்சிருக்கு. நீங்க பாத்தது பால்பல்லு, அதான் சின்னது. பின்னால பாருங்க, நெஜமான பல்லு தாடைக்குள்ளயே இருக்கு, வெளிய வரல. முகமும் வளரல, அதனால குட்டையா இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "மாஸ்டோடான்தான். குட்டி. தாய்கிட்டப் பால் குடிச்சிக்கிட்டிருந்த வயசு. உங்கள மாதிரி பல்லு பாத்துப் பழகினவங்களுக்கே கொழப்பும். மொதல்ல எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாத்தான் இருந்துச்சு."

"குட்டி அபூர்வமில்லையா?"

"அழகான தலை. எடுத்துட்டுப் போவேன். ஆனா எங்ககிட்ட குட்டிங்களும் இருக்கு. வைக்க எடமில்லாம படிக்கட்டுக்கடியில வச்சிருக்கோம். குழிய மூட அவசியமில்ல. நாளைக்கு இதைத் தூக்கினதும் நீங்க உங்க வேலையப் பாக்கலாம்." அவள் நிக்கனோரா சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். எங்கும் அப்படித்தான்; இந்த ஒரு வார்த்தைக்காக ஜனங்கள் அவள் கையைப் பிடித்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

மேலே கோடரி ஒரு தடவை விழுந்தது.

"லிசென்சியாதா," என்றாள் நிக்கனோரா, தரையைப் பார்த்துக்கொண்டு. "அத வேற ஏதாவதுன்னு சொல்ல முடியாதா?"

"வேற ஏதாவதுன்னா?"

"அந்தப் படத்துல இருக்கறது. இல்ல, பேரு தெரியாததுன்னு. நீங்க சொன்னா யாரும் எதுத்துப் பேச மாட்டாங்க. ஒரு வருஷத்துக்குக் கயிறு கட்டுங்க. போதும்."

"தோன்யா, குழிய மூடாதீங்கன்னு காலப் புடிச்சவங்க இருக்காங்க. மூடுங்கன்னு யாரும்…"

"அவரு கையில உணர்ச்சியே இல்ல. நிமிந்து பாக்காதீங்க, பாத்தாத் தெரிஞ்சிரும். தானா நிறுத்த மாட்டாரு. செத்தாலும் நிறுத்த மாட்டாரு. வேற யாராவது நிறுத்தணும்."

லிசென்சியாதா தூரிகையிலிருந்த மண்ணை முழங்காலில் தட்டினாள், தட்டிக்கொண்டேயிருந்தாள்.

"மாட்டெலும்பைத் தூக்கிட்டு வந்து, செத்த புள்ள கண்டெடுத்ததுன்னு அழுதவங்க எம்முன்னால உக்காந்திருக்காங்க," என்றாள் கடைசியில். "அவங்ககிட்டயும் மாட்டெலும்புன்னுதான் சொன்னேன். சொல்லிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியாம படுத்திருக்கேன். இந்த உத்தியோகத்துல எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான் தோன்யா. இன்னிக்கு உங்களுக்காக மாத்திச் சொன்னா, இதுவரைக்கும் உங்களுக்குச் சொன்ன குதிரை, லாமா எல்லாத்தையும் நீங்களே சந்தேகப்பட வேண்டியிருக்கும்."

நிக்கனோராவுக்குக் கோபம் வரவில்லை. "தெரியும்," என்றாள். "கேட்டுப் பாத்தேன்."

"வேணும்னா மெதுவா எடுக்கறேன். நாளைக்கு முடியலன்னு சொல்லி, சனி, திங்கள் வரைக்கும் இழுக்கறேன். அது பொய்யில்ல, எனக்குக் காய்ச்சல்."

"நல்ல மனசு உங்களுக்கு. ஆனா அது பத்தாது."

அவர்கள் எழுந்து நின்றதைப் பார்த்ததும் விளிம்பில் மறுபடியும் கூட்டம் சேர்ந்தது. ஹிலாரியோனும் வந்து நின்றான், கோடரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு. லிசென்சியாதா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: மாஸ்டோடான் குட்டி, எங்களிடம் இருக்கிறது, குழியை மூடத் தேவையில்லை.

"தப்பிச்ச ஹிலாரியோன்!" என்று பசிலியா கத்தினாள். யாரோ அவன் முதுகில் தட்டினார்கள். அவன் வலியில் முகம் சுளித்ததைச் சிரிப்பென்று எடுத்துக்கொண்டார்கள். மதுக்குப்பியைக் கையில் திணித்தார்கள். வழக்கப்படி மண்ணுக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டு ஒரு வாய் குடித்தான்.

"அப்ப வெட்டலாமா?" என்று கேட்டான்.

"இந்தச் செவுத்த மட்டும் விட்டுட்டு வெட்டலாம்," என்றாள் லிசென்சியாதா.

"நல்லது," என்றான் ஹிலாரியோன். "ரொம்ப நல்லது." துக்க வீட்டில் வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். பிறகு ஏணியில் இறங்கி, எதிர்ச்சுவரோரம் கிடந்த கடப்பாரையை எடுத்து, உள்ளங்கையில் துப்பித் தேய்த்து, ஓங்கிப் போட்டான். பொழுதிருக்கும்போதே, பார்க்கிறவர்கள் இருக்கும்போதே. ஒரு போடு. இன்னொரு போடு. மூன்றாவதில் கடப்பாரை கையிலிருந்து திருகிக்கொண்டு விழுந்தது. ஈரக் கை என்று மேலே யாரோ சிரித்தார்கள். அவன் குனிந்து, கண்ணால் பார்த்துப் பார்த்து விரலை ஒவ்வொன்றாக அதில் சுற்றிக்கொண்டிருந்தான்.

நிக்கனோரா போய்க் கடப்பாரைமேல் காலை வைத்தாள்.

"இந்தக் குழியில இனிமே யாரும் மண்ணு வெட்டக்கூடாது," என்றாள். அவள் சத்தமாகப் பேசுகிறவள் இல்லை. குரல் உடைந்து கீச்சென்று வந்தது.

"என்ன கிழவி ஒளர்ற?"

"குட்டி இங்க கெடந்தா தாய் பக்கத்துலதான் கெடக்கும். எனக்கு அது வேணும். முழுசா வேணும். நான் கரண்டியால தோண்டி எடுக்கப்போறேன். கடப்பாரை எறங்கினா நொறுங்கிப் போயிரும்."

மேலேயிருந்து பசிலியா ஆரம்பித்தாள்.

"அடி கேடுகெட்டவளே! அந்தம்மாவே வெட்டலாம்னுட்டாங்க, நீ யாருடி? மழ வர்றதுக்குள்ள ஒரு சூளையாவது போட வேணாமா? கட்டின புருஷன் சோத்துல மண்ணள்ளிப் போடறியே!"

"ஆமா. போடறேன்."

"எதத் தின்பீங்க? எலும்பையா?"

"உன் களத்துல கல்லறுக்க ஆளில்லன்னு போன வாரம் பொலம்பினியே கொமாத்ரே. திங்கக்கிழம வர்றேன். கூலி குடு."

"ஆளில்லன்னா பைத்தியத்தையா வச்சிக்கச் சொல்ற?" என்றாள் பசிலியா. வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

லிசென்சியாதா தூரிகையும் கையுமாக நின்றாள். தாய் பக்கத்தில் இருக்கும் என்பதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து போட்ட மண் அது. அதைச் சொல்ல வாயைத் திறந்தவள், தன்னை யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனித்து, மறுபடியும் மண்டியிட்டு, குட்டியின் பல்லிடுக்கைத் துலக்கத் தொடங்கினாள்.

ஹிலாரியோன் நிக்கனோராவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாய் இருக்குமா?" என்று மெல்லக் கேட்டான்.

"யாரு கண்டா."

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் உதடு கோணியது. அழுதுவிடுவானோ என்று அவள் பயந்தாள். அழவில்லை. தலையைத் தூக்கி, குழி விளிம்பைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"கேட்டியா பசிலியா! கேட்டீங்களாய்யா எல்லாரும்! நான் சொன்னா எங்க கேக்கறா இவ? எலும்பக் கட்டிக்கிட்டு அழறவளக் கட்டிக்கிட்டு நான் அழறேன்! வேல செய்யற ஆம்பளயக் குழிய விட்டுத் தொரத்தறா! போ, போ, நீயே வச்சிக்க உன் குழிய!"

எல்லாரும் சிரித்தார்கள். "பாவம் ஹிலாரியோன்!" என்றார்கள்.

'புருஷன் குழியை மூடினவள்' என்ற பேர் அன்றைக்கு விழுந்தது, நிக்கனோரா சாகிறவரைக்கும் போகவில்லை. தாய் மாஸ்டோடானும் கிடைக்கவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் அவள் பசிலியாவின் களத்தில் வசவு கேட்டுக்கொண்டே கல் அறுத்தாள். ஹிலாரியோன் வீட்டில் சோளம் அவித்து வைத்துவிட்டுத் தூங்கினான். விரல்களில் ஒன்றுக்கு மட்டும் உணர்ச்சி திரும்பியது. அதெல்லாம் பின்னால் நடந்தது.

அப்போது அவன் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான். பாதியில் கை வழுக்கியது. பின்னாலேயே ஏறி வந்த நிக்கனோரா தோளை அவன் முதுகில் முட்டுக்கொடுத்து நின்றாள். கனமான உடம்பு, அப்படியே அவள்மேல் சாய்ந்தது.

"கெட்டியாப் புடி," என்று அவன் மூச்சுக்குள் சொன்னான்.

"புடிச்சிருக்கேன். நீ கத்து. பசிலியா பாத்துக்கிட்டிருக்கா."

"நாசமாப் போன எலும்பு!" என்று ஹிலாரியோன் கத்தினான், மேல்படியில் காலை வைத்தான்.